வாசல் நோட்டு: வெப் ஆப்பில் ரிக்வெஸ்ட் லாக் சேர்ப்பது

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில், வாட்ச்மேன் மேசை மீது ஒரு நீள நோட்டு கிடக்கும். பெயர், வண்டி எண், எந்த வீடு, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார்கள். இதில் ‘போன நேரம்’ கட்டம் மட்டும் எல்லா வரியிலும் காலியாக இருக்கும். யாரும் கவலைப்படுவதில்லை. ஏதாவது காணாமல் போய், நோட்டைப் புரட்டும் நாளில்தான் அந்தக் காலிக் கட்டம் உறுத்தும்.

வெப் சர்வருக்கும் இப்படி ஒரு நோட்டு உண்டு. பிரவுசரோ, மொபைல் ஆப்போ, வேறொரு சர்வரோ நம் சர்வரிடம் வந்து ஒன்றைக் கேட்டால் அது ரிக்வெஸ்ட். நாம் திருப்பிக் கொடுப்பது ரெஸ்பான்ஸ். இப்படி நடக்கும் ஒவ்வொரு கேள்வி பதிலுக்கும் ஒரு வரி எழுதி வைத்தால் அது ரிக்வெஸ்ட் லாக். ஆக்சஸ் லாக் என்றும் சொல்வார்கள். கேட்க இவ்வளவுதானா என்று தோன்றும். இல்லாமல் மாட்டிக்கொண்டால்தான் அருமை தெரியும், நான் மாட்டிக்கொண்டேன்.

2024 தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு நடந்தது. தெரிந்த அண்ணன் ஒருவரின் பலகாரக் கடைக்கு ஆர்டர் எடுக்கும் சின்ன வெப் ஆப் ஒன்று செய்து கொடுத்திருந்தேன். பைத்தான் மொழியில், ஜாங்கோ என்ற ஃபிரேம்வொர்க் (வெப் ஆப் எழுத ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டகம்) வைத்து எழுதியது. ராத்திரி எட்டரை மணிக்கு போன் வந்தது. “தம்பி, ஒரு அம்மா ரெண்டு கிலோ அதிரசம் ஆர்டர் போட்டாங்களாம். பணமும் போயிடுச்சாம். நம்ம லிஸ்ட்ல அவங்க பேரே இல்ல. அவங்க பட்டனை அழுத்தினாங்களா இல்லையா, அதை மட்டும் பார்த்துச் சொல்லு.”

நியாயமான கேள்வி. சர்வருக்குள் நுழைந்து பார்த்தேன். சர்வர் எழுந்தபோது எழுதிய நான்கு வரிகள் இருந்தன. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அன்று முழுக்க எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள், ஒருவருடைய காலடித் தடமும் இல்லை.

லாக் இருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் இதுதான்: என் லேப்டாப்பில் ஜாங்கோவின் ரன்சர்வர் கட்டளையைப் போட்டால், ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் திரையில் ஒரு வரி ஓடும். அதைப் பார்த்துப் பழகிய கண், எங்கே ஓட்டினாலும் அப்படித்தான் என்று நம்பிவிட்டது. ஆனால் நிஜ சர்வரில் ஆப்பை ஓட்டியது கூனிகார்ன் என்ற நிரல். நாமாகக் கேட்டால் ஒழிய அது ஆக்சஸ் லாக் எழுதாது. அதன் தொடக்க அமைப்பிலேயே அந்த வசதி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஜாங்கோவும் டிபக் நிலையை, அதாவது எழுதும் காலத்தில் பிழை கண்டுபிடிக்க உதவும் அமைப்பை, அணைத்துவிட்டால் திரையில் எழுதுவதை நிறுத்திக்கொள்ளும். புதிதாக ஆப் எழுதுபவர்கள் நிறையப் பேர் விழும் பள்ளம் இது. உங்கள் ஆப் இப்போது எங்காவது ஓடிக்கொண்டிருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம்

வெப் சர்வர்கள் எழுதும் பழைய, இன்றும் வழக்கில் உள்ள வடிவம் ஒன்று இருக்கிறது. காமன் லாக் ஃபார்மேட் என்பார்கள். அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்தின் சூப்பர்கம்ப்யூட்டிங் மையமான என்சிஎஸ்ஏவில் 1990களின் தொடக்கத்தில் எழுதிய வெப் சர்வரோடு வந்தது. அப்பாச்சி என்ற வெப் சர்வர் அதை அப்படியே எடுத்துக்கொண்டது, பிறகு வந்த எஞ்ஜின்எக்ஸ் என்ற சர்வரும் அதை ஒட்டியே எழுதுகிறது. கோப்பில் ஆங்கில எழுத்தில் இருக்கும் அந்த வரியை நம் எழுத்தில் வைத்துக் காட்டினால் இப்படி:

203.0.113.7 - - [29/அக்/2024:09:12:10 +0530] "போஸ்ட் /ஆர்டர்/ எச்டிடிபி/1.1" 200 512

முதலில் இருப்பது கேட்டவரின் ஐபி முகவரி, இணையத்தில் அவரை அடையாளம் காட்டும் எண். அடுத்து இரண்டு கோடுகள். முதல் கோடு இருக்கும் இடம், எதிர்முனைக் கணினியில் உட்கார்ந்திருப்பவரின் பெயரை அந்தக் கணினியிடமே கேட்டு எழுதுவதற்காக வைத்தது. இன்று அப்படிக் கேட்பாரும் இல்லை, கேட்டால் சொல்வாரும் இல்லை. முப்பது வருடங்களாக அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது கோடு, பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே வந்தவரின் பெயருக்கு. பிறகு தேதி, நேரம், நேர மண்டலம். மேற்கோளுக்குள் ரிக்வெஸ்ட்டின் முதல் வரி: என்ன செய்யச் சொல்கிறார்கள் (இதை மெதட் என்பார்கள்; இங்கே போஸ்ட், அதாவது தகவலைக் கொடுப்பது), எந்த முகவரி, எந்தப் பதிப்பு. அப்புறம் 200 என்பது ஸ்டேட்டஸ் கோட். 512 என்பது நாம் அனுப்பிய பதில் எத்தனை பைட் என்ற கணக்கு.

இதோடு எங்கிருந்து வந்தார், என்ன பிரவுசர் என்ற இரண்டையும் சேர்த்தால் கம்பைண்ட் ஃபார்மேட். ‘எங்கிருந்து வந்தார்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து குறைந்துபோய், அந்த எழுத்துப்பிழை 1996-ல் வெளியான எச்டிடிபி ஆவணத்திலும் ஏறிவிட்டது. இன்றுவரை உலகம் முழுக்க சர்வர்கள் அந்தப் பிழையோடுதான் எழுதுகின்றன. திருத்தினால் எல்லாம் உடைந்துவிடும்.

இந்த வரியில் முக்கியமான ஒன்று இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பதில் கொடுக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்பது இல்லை. ‘சைட் ரொம்ப ஸ்லோவா இருக்கு’ என்று யாராவது சொன்னால், இந்த லாக்கை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எஞ்ஜின்எக்ஸிலும் அப்பாச்சியிலும் நேரத்தைச் சேர்த்து எழுத வழி இருக்கிறது, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஸ்டேட்டஸ் கோட் பற்றி நான்கு வரி. 2-ல் தொடங்கினால் காரியம் முடிந்தது. 3-ல் தொடங்கினால் வேறு இடத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறோம், அல்லது உன்னிடம் இருக்கும் பிரதியே போதும் என்றிருக்கிறோம். 4-ல் தொடங்கினால் கேட்டவர் பக்கம் ஏதோ தவறு, 5-ல் தொடங்கினால் நம் பக்கம். எஞ்ஜின்எக்ஸ் லாக்கில் 499 என்று ஒன்று வரும். எந்தத் தர ஆவணத்திலும் இல்லாத எண் அது. நாம் பதில் தயாரித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டவர் பொறுமை இழந்து இணைப்பைத் துண்டித்துவிட்டார் என்று பொருள். 499 கூட்டமாக வந்தால் ஆப் மெதுவாகிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

ஆப்புக்குள் எங்கே வைப்பது

முன்னால் நிற்கும் வெப் சர்வரே லாக் எழுதுகிறதே, ஆப்புக்குள்ளும் எதற்கு? ஒரு காரணம், என்னைப் போல முன்னால் ஒரு வெப் சர்வர் நம் கையில் இல்லாமல் போகலாம். இன்னொன்று, உள்ளே வந்தவர் யார், எந்த வாடிக்கையாளர், எந்த ஆர்டர் என்பதெல்லாம் ஆப்புக்குத்தான் தெரியும். வாட்ச்மேனுக்கு வண்டி எண் தெரியும். மூன்றாம் மாடியில் என்ன பேசினார்கள் என்பது தெரியாது.

புதிதாக எழுதுபவர்கள் ஒவ்வொரு பக்கத்துக்கான ஃபங்ஷனிலும் முதல் வரியில் ஒரு பிரின்ட் போடுவார்கள். பத்து பக்கம் வரை தாங்கும். பதினொன்றாவதில் போட மறந்துபோகும், பிரச்சினையும் அதில்தான் வரும். இதற்கென்றே பெரும்பாலான ஃபிரேம்வொர்க்குகளில் மிடில்வேர் என்ற இடம் இருக்கிறது. உள்ளே வரும் ரிக்வெஸ்ட் எல்லாம் அதன் வழியாகத்தான் வரும், பதில்களும் அதன் வழியாகத்தான் வெளியேறும். அங்கே ஒரே ஒரு முறை எழுதினால் போதும். நம் எழுத்தில் அதன் எலும்புக்கூடு (ஹெடர் என்பது ரிக்வெஸ்ட்டோடும் பதிலோடும் கூடவே போகும் குறிப்புகள்):

ரிக்வெஸ்ட் வந்ததும்
    தொடக்கம் = ஓட்டக் கடிகாரம்
    அடையாளம் = புதிதாக ஒரு எண்
    பதில் = உள்ளே அனுப்பி வாங்கு (ரிக்வெஸ்ட்)
    பிடித்த நேரம் = ஓட்டக் கடிகாரம் − தொடக்கம்
    பதிலின் ஹெடரில் அடையாளத்தைச் சேர்
    எழுது (அடையாளம், மெதட், பாதை, ஸ்டேட்டஸ், பிடித்த நேரம், பயனர் எண்)
    பதிலைத் திருப்பிக் கொடு

ஜாங்கோவில் இது ஏறக்குறைய வரிக்கு வரி இப்படியே வரும். ரெயில்ஸ் எழுதுபவர்களுக்கு ஃபிரேம்வொர்க்கே தொடங்கும்போது ஒரு வரி, முடியும்போது ஒரு வரி என்று எழுதிக் கொடுத்துவிடுகிறது. நோட்ஜேஎஸ்ஸில் எக்ஸ்பிரஸ் பயன்படுத்தினால் மார்கன் என்ற தொகுப்பைச் சேர்த்தால் போதும். சொந்தமாக எழுத ஆசைப்பட்டால் ஒன்றைக் கவனியுங்கள். எக்ஸ்பிரஸில் ‘அடுத்தவருக்கு அனுப்பு’ என்ற அழைப்பு திரும்பி வந்துவிட்டது என்பதற்காகப் பதில் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வேலை பின்னால் நடந்துகொண்டிருக்கும். அங்கே நேரத்தை அளந்தால் எல்லாம் ஒரு மில்லிசெகண்டில் முடிந்ததாகக் காட்டும், நாமும் நம் ஆப் பறக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம். ரெஸ்பான்ஸ் முடிந்ததாக அறிவிக்கும் நிகழ்வில் கொக்கி போட்டு, அங்கே எழுத வேண்டும்.

மேலே ‘ஓட்டக் கடிகாரம்’ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. சுவர்க் கடிகாரத்தை வைத்து ஓட்டப்பந்தயத்தை அளக்கக் கூடாது, நடுவில் யாராவது முள்ளைத் திருப்பிவிட்டால் கணக்கு கெட்டுவிடும். சர்வர்களின் கடிகாரம் அவ்வப்போது இணையத்தில் உள்ள நேர சர்வரைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அந்த நொடியில் அளந்தால் பிடித்த நேரம் மைனஸில்கூட வரும். பின்னால் போகவே போகாத, மானோடானிக் என்ற கடிகாரம் பெரும்பாலான மொழிகளில் இருக்கிறது. நேர இடைவெளியை அளக்க அது, எப்போது நடந்தது என்று எழுத சுவர்க் கடிகாரம்.

மிடில்வேர் பட்டியலில் இது எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம். முதலில், அதாவது எல்லாவற்றுக்கும் வெளியே நிற்க வேண்டும். உள்ளே தள்ளி வைத்தால், அதற்கு வெளியே நிற்கும் இன்னொரு மிடில்வேர் பதிலை மாற்றினாலோ, உள்ளே விடாமலேயே திருப்பி அனுப்பினாலோ நமக்குத் தெரியாது. அதிரசம் அம்மாவின் விஷயத்தில் இதுதான் உதவப் போகிறது.

இன்னொரு பள்ளம் பைத்தானுக்கே உரியது. லாகிங் தொகுதியில் டிபக், இன்ஃபோ, வார்னிங், எரர், கிரிட்டிகல் என்று ஐந்து படிகள். நாமாக எதுவும் அமைக்காவிட்டால் வார்னிங்கும் அதற்கு மேலும்தான் வெளியே வரும். ரிக்வெஸ்ட் லாக்கை இயல்பாக இன்ஃபோவில் எழுதுவோம். எழுதியது எங்கும் வராது, பிழைச் செய்தியும் வராது. எழுதிய நிரல் தவறோ என்று இரண்டு மணி நேரம் தேடுவோம். அமைப்பில் படியை இன்ஃபோவுக்கு இறக்கினால் சரியாகிவிடும்.

போன நேரத்தில் எழுதுவதன் சிக்கல்

வாட்ச்மேன் நோட்டில் வந்தவுடன் எழுதுவார்கள், போகும்போது விட்டுவிடுவார்கள். ரிக்வெஸ்ட் லாக் இதற்கு நேர்மாறு. ஸ்டேட்டஸும் பிடித்த நேரமும் முடிந்த பிறகுதான் தெரியும் என்பதால், வெளியே போகும்போதுதான் வரியே எழுதப்படுகிறது.

ஆக, உள்ளே போய் வெளியே வராதவர் நோட்டிலேயே இருக்கமாட்டார். டேட்டாபேஸில் ஏதோ பூட்டில் சிக்கி நின்றுவிட்ட ரிக்வெஸ்ட், நினைவகம் தீர்ந்து ஆப்பே செத்துவிழக் காரணமான ரிக்வெஸ்ட், இவை எதற்கும் வரி இருக்காது. நமக்கு மிகவும் தேவைப்படுபவை அவைதாம். ஆப் அடிக்கடி காரணம் தெரியாமல் விழுகிறது என்றால், சில நாட்களுக்கு வரும்போது ஒரு வரி, போகும்போது ஒரு வரி என்று எழுதிப் பாருங்கள். ஜோடி சேராமல் நிற்கும் வரியைத் தேடினால் ஆள் கிடைத்துவிடும்.

வரிசையும் குழப்பும். முதலில் வந்தவர் முதலில் போவதில்லை அல்லவா? பத்து செகண்ட் எடுத்த ரிக்வெஸ்ட் பத்து செகண்ட் கழித்து லாக்கில் வந்து உட்காரும். அப்பாச்சி அந்த வரியில் போடும் நேரம் ரிக்வெஸ்ட் வந்த நேரம். எஞ்ஜின்எக்ஸ் போடுவது லாக் எழுதிய நேரம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட உட்காருகிறவர்கள் இது தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வதுண்டு.

நேரம் என்றதும் இன்னொன்று. பெரும்பாலான சர்வர்கள் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், வாடிக்கையாளர் நம்மூர் நேரத்தில் சொல்வார். காலை 9.12 என்றால் லாக்கில் 3.42. ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க மறந்து, ஆள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் தேடியிருக்கிறேன். நேரத்தோடு மண்டலத்தையும் எழுதிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

ஒரு நூலில் கோக்க ஓர் எண்

ஒரு ஆர்டர் ரிக்வெஸ்ட் உள்ளே வந்தால், ஸ்டாக் பார்த்தேன், விலை கணக்கிட்டேன், பேமெண்ட் கேட்டேன் என்று ஆப் பல வரிகள் எழுதும். அதே நொடியில் இன்னும் எட்டுப் பேர் ஆர்டர் போட்டுக்கொண்டிருப்பார்கள். எந்த வரி யாருடையது? ரிக்வெஸ்ட் வந்ததும் ஓர் அடையாள எண் கொடுத்து, அதன் பெயரில் எழுதப்படும் எல்லா வரியிலும் அந்த எண்ணைச் சேர்த்துவிட்டால் பிரித்தெடுப்பது சுலபம். வழக்கமாக எக்ஸ்-ரிக்வெஸ்ட்-ஐடி என்ற ஹெடரில் இது பயணிக்கும். நம் ஆப் இன்னொரு சர்வரைக் கூப்பிட்டால் அங்கேயும் இதையே அனுப்பலாம். பல சர்வர்கள் சேர்ந்து வேலை செய்யும் பெரிய அமைப்புகளுக்கு டிரேஸ்பேரன்ட் என்று, வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தரப்படுத்திய ஹெடரே இருக்கிறது. ஒரு சர்வர் வைத்திருக்கும் நமக்கு முன்னதே தாராளம்.

‘ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்று காட்டும் பக்கத்தின் அடியில் இந்த எண்ணைச் சின்னதாக அச்சிடுங்கள். வாடிக்கையாளர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் எண்ணும் கூடவே வந்துவிடும். எப்போது, எந்த போன், எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

கண்ணால் படிக்கும் வரிகளாக எழுதுவதா, ‘பெயர்: மதிப்பு’ என்று ஜேசன் வடிவில் எழுதுவதா என்று கேட்பார்கள். நான் ஜேசன் கட்சி. கண்ணுக்கு அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் ‘ஒரு செகண்டுக்கு மேல் எடுத்தவை மட்டும்’ என்று கேட்டால் எந்தக் கருவியும் உடனே எடுத்துக் கொடுக்கும். ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு ஒரே வரி என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எழுதக் கூடாதவை

லாக் சேர்த்த புதிதில் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடலாம் என்று கை பரபரக்கும். ஹெடர் முழுவதும், உள்ளடக்கமான பாடி முழுவதும். வேண்டாம். லாகின் பக்கத்தின் பாடியில் பாஸ்வேர்ட் இருக்கிறது. ஹெடரில் குக்கீயும் ஆத்தரைசேஷன் டோக்கனும் இருக்கின்றன, அவற்றை எடுத்தவர் பாஸ்வேர்ட் இல்லாமலே அந்தப் பயனராக உள்ளே நடமாடலாம். டேட்டாபேஸைப் பூட்டிப் பாதுகாக்கும் நாம் லாக் கோப்பை அப்படிப் பாதுகாப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பையனுக்குக்கூட அது திறந்திருக்கும்.

பெரிய இடங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2018 மே மாதம் ட்விட்டர் தன் பயனர்கள் எல்லாரையும், 33 கோடிக்கும் மேற்பட்டவர்களை, பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னது. அவர்கள் பாஸ்வேர்டை ஹேஷ் செய்துதான், அதாவது திரும்பப் படிக்க முடியாதபடி உருமாற்றித்தான் சேமித்தார்கள். ஆனால் ஹேஷ் செய்து முடிப்பதற்கு முன்பே, ஒரு பிழையால், உள் லாக் ஒன்றில் பாஸ்வேர்ட் அப்படியே எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. 2019-ல் ஃபேஸ்புக்கின் உள் அமைப்புகளிலும் கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகள் வெட்டவெளிச்சமாகக் கிடந்தது தெரியவந்தது. அதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 செப்டம்பரில் மெட்டாவுக்கு 9.1 கோடி யூரோ அபராதம் போட்டது.

பாடியை எழுதாவிட்டாலும் முகவரியில் ஒளிந்து வருபவை உண்டு. பாஸ்வேர்ட் மறந்தவருக்கு மெயிலில் அனுப்பும் இணைப்பில் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒரு நீள டோக்கன் இருக்குமே, அது முகவரியின் பகுதிதான், லாக்கில் அப்படியே பதிவாகும். போன் நம்பர் வைத்துத் தேடும் பக்கமும் அப்படித்தான். எதை மறைப்பது என்று பட்டியல் போட்டால் என்றாவது ஒன்று விட்டுப்போகும். எதை எழுதுவது என்று பட்டியல் போட்டு, அதில் இல்லாதது எதையும் எழுதாமல் இருப்பதுதான் எனக்குத் தெரிந்த பத்திரமான வழி.

வெளியிலிருந்து வருவதை எழுதுகிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. பிரவுசர் தன் பெயராகச் சொல்வது எதுவாகவும் இருக்கலாம். முகவரியில் புதுவரிக் குறியைக் குறியீடாகச் செருகி அனுப்பி, ஆப் அதைப் பிரித்து அப்படியே எழுதினால், நம் லாக்கில் நடக்காத ஒன்று நடந்ததுபோல ஒரு பொய் வரி உருவாகும். ஜேசனாக எழுதினால் புதுவரிக் குறி பாதுகாப்பாக மாற்றப்பட்டுவிடும், அதுவும் ஒரு லாபம். இதன் உச்சத்தை 2021 டிசம்பரில் உலகம் பார்த்தது. ஜாவாவில் பரவலாகப் பயன்படும் லாக்4ஜே என்ற நூலகத்தில், ஒரு குறிப்பிட்ட வடிவச் சொற்றொடரை லாக்கில் எழுதினாலே, அது சொல்லும் இடத்திலிருந்து நிரலை இறக்கி ஓட்டிவிடும் ஓட்டை இருந்தது. பிரவுசர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சொற்றொடரை வைத்து அனுப்பினால் போதும். அபாய அளவுகோலில் பத்துக்குப் பத்து வாங்கிய ஓட்டை.

ஐபி முகவரியிலும் ஒரு சூட்சுமம். ஆப்புக்கு முன்னால், நடுவில் நின்று ரிக்வெஸ்ட்டை வாங்கிக் கொடுக்கும் பிராக்ஸியோ, பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சரோ இருந்தால் எல்லா வரியிலும் ஒரே ஐபி வரும், அது பிராக்ஸியுடையது. வந்தவருடைய ஐபி எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற ஹெடரில் இருக்கும். ஆனால் அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் பொய்யாக எழுதி அனுப்ப முடியும். நம் பிராக்ஸி சேர்த்த பகுதியை மட்டும் நம்பும்படி ஃபிரேம்வொர்க்கில் அமைக்க வேண்டும்.

எங்கே, எத்தனை நாள்

பிறருடைய ஆப்களை ஓட்டிக் கொடுக்கும் ஹெரோகு நிறுவனத்தார் 2011 வாக்கில் எழுதிய ‘பன்னிரண்டு காரணி’ வழிகாட்டுதலில் ஒன்று: ஆப் தன் லாக் கோப்பை நிர்வகிக்க வேண்டியதில்லை, ஸ்டேண்டர்ட் அவுட்புட்டில், அதாவது திரையில் எழுதுவதுபோல எழுதிவிட்டு மறந்துவிடட்டும், எடுத்துச் சேமிப்பது ஓட்டும் சூழலின் வேலை. ஆப்பைத் தனிப் பெட்டி போல அடைத்து ஓட்டும் டாக்கர் போன்றவற்றில் ஓட்டினால் இதுதான் ஒத்துவரும். சொந்த சர்வரில் கோப்பாகவே எழுதுகிறீர்கள் என்றால் லாக்ரொட்டேட் என்ற கருவியை வைத்து தினமும் கோப்பை மாற்றிச் சுருக்கி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் டிஸ்க் நிறையும், டேட்டாபேஸுக்கு எழுத இடமில்லாமல் போகும். லாக் எழுதியதாலேயே ஆப் நிற்கும் கொடுமை அது.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு வரி 300 பைட், நாளைக்கு ஒரு லட்சம் ரிக்வெஸ்ட் என்றால் 30 எம்பி. ஆறு மாதத்துக்கு 5.4 ஜிபி, சுருக்கினால் இன்னும் வெகுவாகக் குறையும். பயப்படும் அளவு இல்லை. ‘உயிரோடு இருக்கிறாயா’ என்று லோட் பேலன்சர் பத்து செகண்டுக்கு ஒரு தரம் தட்டிப் பார்ப்பதை மட்டும் தள்ளிவிடுங்கள். அதுவே நாளைக்கு 8,640 வரி.

ஆறு மாதம் என்று சும்மா சொல்லவில்லை. இந்தியாவின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது, சர்வர் கடிகாரங்களை, நேர சர்வரைப் பார்த்துச் சரிசெய்யும் என்டிபி முறை மூலம் நேரம் ஒத்துவைக்கவும் சொல்கிறது. அதற்காக எப்போதைக்குமாகச் சேர்த்து வைப்பதும் தப்பு. ஐபி முகவரியும் தனிநபர் தகவல் ஆகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016-லேயே சொல்லிவிட்டது. ஒரு கெடு வைத்து அழித்துவிட வேண்டும்.

அதிரசம் அம்மா

அன்று ராத்திரியே மேலே எழுதிய மிடில்வேரைச் சேர்த்து ஏற்றினேன். காலையில் லாக்கை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெயில் கட்டளையில் ‘தொடர்ந்து காட்டு’ என்று சொன்னால் வரும் வரிகள் அப்படியே ஓடும். கிரெப் கட்டளையால் 200 வந்தவற்றை எல்லாம் விலக்கிவிட்டு மிச்சத்தைப் பார்த்தேன். லாக்கைப் படிக்க ஆரம்பிப்பவர்களுக்கு இந்த இரண்டு கட்டளையே போதும்.

மிச்சத்தில் ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப இருந்தன:

03:42:10 +0000 போஸ்ட் /பேமெண்ட்/செய்தி 301 4மிசெ

பேமெண்ட் சேவையின் சர்வர், ‘பணம் வந்துவிட்டது’ என்று நம் ஆப்புக்கு நேரடியாகச் சொல்லும் முகவரி அது. சேவையின் அமைப்புப் பக்கத்தில் அந்த முகவரியை நிரப்பியது நான்தான். கடைசியில் வர வேண்டிய சாய்கோட்டை (/) விட்டுவிட்டேன். சாய்கோடு இல்லாமல் வந்தவரை ஜாங்கோ ‘சாய்கோட்டோடு வா’ என்று 301 சொல்லித் திருப்பி அனுப்புகிறது. பிரவுசர் என்றால் சொன்னபடி போகும். பேமெண்ட் சர்வர் போகவில்லை. 200 வராததால் தோல்வி என்று குறித்துக்கொண்டு, இடைவெளி விட்டு இடைவெளி விட்டு மறுபடி முயன்றுகொண்டே இருந்தது. டிபக் நிலையில் இருந்திருந்தால் ஜாங்கோ இதைப் பிழை என்று கத்தி நிறுத்தியிருக்கும். ஆனால் லேப்டாப்புக்கு வெளி சர்வரின் செய்தி எப்படி வரும்?

மற்றவர்களின் ஆர்டர் மட்டும் எப்படிப் பதிவானது என்றும் வரிகளிலேயே தெரிந்தது. பணம் கட்டியபின் பிரவுசர் நம் தளத்துக்குத் திரும்பி வந்தவர்களுக்கு, ‘ஆர்டர் முடிந்தது’ பக்கம் திறந்தபோதே ஆர்டர் பதிவாகிவிட்டது. பணம் போனதைப் பார்த்ததும் போனை மூடி வைத்தவர்களுக்கு இந்தச் செய்தி ஒன்றுதான் வழி. அந்த அம்மா போனை மூடி வைத்தவர்.

சாய்கோடு இல்லாத முகவரியையும் ஏற்கும்படி ஒரு வரி சேர்த்து ஏற்றினேன். இருபது நிமிடம் காத்திருந்தேன். அடுத்த முயற்சி வந்தது, இந்த முறை 200. கடைக்காரர் லிஸ்ட்டில் இரண்டு கிலோ அதிரசமும் ஒரு பெயரும் வந்து நின்றன. அதற்குக் கீழே இன்னும் மூன்று பெயர்கள், நாங்கள் யாருமே அறியாதவை.

போன் போட்டேன். “அழுத்தியிருக்காங்க அண்ணே. தப்பு என் பக்கம்தான். இன்னும் மூணு பேர் இருக்காங்க, அவங்க இன்னும் கூப்பிடல.”

“அட்ரஸ் அனுப்பு, பையனை வண்டியில அனுப்புறேன்” என்றார்.